ஏட்டியின் வலது கண்

அண்ணாச்சி,

ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், மறுபடியும் ஒரு கண் சொட்டு மருந்துக் குப்பி நிற்கிறது. ஏட்டியின் இடது கண்ணிலும் இப்போது புகை படர்ந்தாற்போல் இருக்கிறது. காலையில் குப்பியை எடுத்து, குளிர் போகட்டும் என்று உள்ளங்கையில் வைத்திருந்தேன். வெளியே சாரல். குற்றாலத்துக்குப் போகும் வண்டிகளின் ஹாரன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

புளியறைச் சோதனைச் சாவடிப் பக்கம் லாரிக்கு அடியில் தெருநாயாகக் கிடந்தவளைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மேலகரத்துக்கு நீங்கள் கொண்டுவந்த அன்றும் சாரல்தான். வலது கண் பாதி மூடி, நீராய் வடிந்தது. "எடுத்து வளக்க ஆள் கெடைக்க வரைக்கும்தான் சார்வாள், நம்ம வீட்ல" என்றீர்கள். போலீஸ் வேலையில் ஓய்வு பெற்றபின் அப்படி நான்கு நாய்களைத் தேற்றி நல்ல வீடுகளுக்கு அனுப்பியிருந்தீர்கள். எதற்கும் பெயர் வைத்ததில்லை. "பேரு வச்சா விட மனசு வராது. பொம்பளப் புள்ளயளக் கூப்பிடுத மாதிரி ஏட்டின்னு கூப்பிட்டா போதும்." அதனால் தெருவில் யார் யாரை "ஏட்டி" என்றாலும் இவள் வாலாட்டிக்கொண்டு ஓடினாள். "என் மவளக் கூப்பிட்டா அவ வரமாட்டேங்கா, உங்க நாய்தான் வருது" என்று எதிர்வீட்டு அக்கா சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறது.

கருவிழியில் புண் என்று தென்காசியில் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நீங்கள் முதலில் குப்பியை அவள் மோந்து பார்க்கக் கொடுப்பீர்கள். "கேட்டுட்டு விடணும் சார். நம்ம கண்ணுல ஒருத்தன் கேக்காம கைய வச்சா சும்மா இருப்பமா?"

மகளின் பிரசவத்துக்கு நீங்கள் மதுரை போன நான்கு நாளும் அவள் என்னிடம் இருந்தாள். இரண்டாம் நாள் கண் செக்கச்செவேல் என்று ஆனது. எனக்குக் கண்புரை அறுவை முடிந்தபோது சிவப்பை இரண்டே நாளில் வற்றவைத்த மருந்து, பாதிக் குப்பி, ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்தது. எனக்குக் கேட்டது இவளுக்குக் கேட்காதா என்று அதையும் சேர்த்து விட்டேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வட்டத்தின் சூத்திரத்தைச் சதுரத்துக்குப் போட்ட பையன்கள் எத்தனை பேரை எழுப்பி நிறுத்தியிருப்பேன்! நான் செய்ததும் அதுதான்.

சிவப்புக் குறைந்தது. திரும்பி வந்த நீங்கள், "சார்வாளுக்குக் கைராசிதான்" என்றீர்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளில் கருவிழியின் நடுவே வெள்ளையாகக் குழி விழுந்தது. வலி தாங்காமல் தலையைச் சுவரில் தேய்த்தாள்.

ஓட்டை விழுந்துவிட்டது, கண்ணை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். "வேற ஏதும் விட்டீங்களா? மனுஷங்களுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு சொட்டு ஏதாவது? புண் இருக்கும்போது அதை விடவே கூடாது."

"இல்லவே இல்ல டாக்டர். நீங்க எழுதுனது மட்டுந்தான். நான் ஊர்ல இல்லாதப்பக்கூட சார் மணி பாத்து விட்டாவ."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள். அவ்வளவு நம்பிக்கை. நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன தென்காசிக் குடும்பம், தையல் போட்ட முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. "அப்ப இவ எங்கயும் போகல" என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நான் மதுரைக்குப் போயிருக்கக் கூடாது சார்" என்று கடைசிவரை சொன்னீர்கள். பேத்தியின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் சொன்னீர்கள். தானே எழுந்து ஒப்புக்கொள்பவனுக்கு அடி கிடையாது என்று வகுப்பில் சொல்லி வந்தவன், ஒவ்வொரு முறையும் டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பழையதையும் சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "விட்ட அன்னைக்கே வந்திருந்தா பாத்திருக்கலாம். இப்ப எப்படிச் சொல்ல சார்?" என்றார். இடது கண்ணில் இருப்பது வேறு நோயாம். மருந்து போட்டுப் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

அவள் எப்போதும் கண் உள்ள பக்கத்தைத் தெருவுக்கு வைத்துப் படுப்பாள். "நம்பாத ஆளுக்கு மத்தப் பக்கத்த விடமாட்டா சார்" என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள்.

இன்று லேபிளை இருமுறை வாய்விட்டுப் படித்தேன். குப்பியை மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டுச் சொட்டு விட்டேன். தலையை ஒரு உதறு உதறினாள். பிறகு தழும்பு உள்ள வலது பக்கத்தை என் காலோடு ஒட்டி வைத்துப் படுத்துவிட்டாள்.

காலை நகர்த்த முடியவில்லை, அண்ணாச்சி.