அழித்த பின்னூட்டம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மயிலாப்பூர்த் தெருக்கள் பற்றி என் வலைப்பூவில் எழுதிய கட்டுரையை, என் பழைய மாணவி ரோஸி தன் கல்லூரி வகுப்பில் பாடமாக வைத்திருக்கிறாள். வகுப்புப் பெண் ஒருத்தி, நான் குறிப்பிட்ட ஆண்டு தவறு என்று நேற்று பின்னூட்டமிட்டாள். தவறுதான். ஆண்டைத் திருத்திவிட்டு, அவள் பின்னூட்டத்தை அழித்தேன்.

மாலையில் ரோஸி அழைத்தாள். "மேடம், அந்த கமெண்ட்டக் காணோமே? மரியாதையில்லாம எழுதிட்டேனான்னு அந்தப் பொண்ணு ஒரே அழுகை."

"கை தவறிப் பட்டிருக்கும்மா."

"பரவால்ல மேடம், இந்த வயசுல நீங்க இவ்ளோ பண்றதே பெருசு."

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், நான் சொன்னது பொய் என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

இப்போது, தவறைச் சுட்டிய பெண்ணின் பெயரையும், பின்னூட்டத்தை அழித்தது நான்தான் என்பதையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே சேர்த்து வெளியிட்டுவிட்டேன். காலையில் ரோஸியிடம் நானே சொல்ல வேண்டும், வயதைச் சாக்காகச் சொல்லாமல்.