ஒற்றை விரல் வணக்கம்

அன்புள்ள நெரிடா,

நாங்கள் நலம். இந்த முறை 'நாங்கள்' என்பதில் உன் அப்பாவும் சேர்த்தி. அங்கே ஆஸ்லோவில் இப்போது சரியாக இருட்டுவதே இல்லையாமே, திரையை இழுத்துவிட்டாவது தூங்கு.

பக்கவாதம் வந்தபின் அப்பா வாசலைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தேன். வலது கை மடியில் கிடக்கும், யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அதை ஊர் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஞாயிறன்று நான் கெஞ்சவில்லை. பிளாஸ்கில் தேநீர், மாட்டிறைச்சி சாண்ட்விச். சில்லகோ ஊர் வரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தேன். வந்து ஏறிக்கொண்டார், தொப்பியோடு.

மரீபா தாண்டியதும் மாந்தோப்புகள் முழுக்கப் பூ. கண்ணாடியை இறக்கச் சொன்னார். அடுத்துக் கரும்பு, பாதி வெட்டியது. டிம்புலாவுக்கு அப்பால் செம்மண், கறையான் புற்றுகள், நகர மறுக்கும் மாடுகள். அவசரமே இல்லை. எதிரே வந்தவர்கள் நம் பக்கத்து வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், நான் முழுக் கையையும் ஆட்டினேன். அப்பா பொறுக்காமல், "ராணி ஊர்வலமா போற? ஒரு விரல் போதும். டவுன்காரின்னு நினைக்கப் போறான்" என்றார். மாதக்கணக்கில் கேட்காத கேலி. சிரிப்பில் ஒரு வண்டிக்குப் பதில் வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். அது நம் பக்கத்துத் தோட்டத்து புருனோ. அப்பாவுக்கு முகமே கறுத்துவிட்டது. பதில் சொல்லாமல் போனோமே, என்ன நினைப்பான் என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

பிறகு மாட்டு லாரி, நீளமானது. ஒரு வண்டி அகலத் தார்ச்சாலை. புழுதியில் ஒதுங்கினேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். லாரிக்காரர் விரலைத் தூக்கினார். என்னால் முடியவில்லை. அப்பா இடது கையால் வலது கையை எடுத்து முன்பலகைமேல் வைத்தார். கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எவ்வளவு சொல்லியும் அசையாத சுட்டுவிரல். மெல்ல எழுந்தது. நடுங்கியது, நின்றது.

லாரி ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

"பாத்தானா?" என்றார்.

பார்த்தான் என்றேன். சாலை எனக்குக் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் எல்லாருக்கும் விரல், மாடுகளுக்கும். புருனோ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று, ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வீடு வந்தார்.

நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. டிசம்பரில் நீ வந்து இறங்கும்போது விமான நிலையத்தில் அப்பா ஒரு விரல்தான் தூக்குவார். ஓடி வராதே. முதலில் பதில் சொல்.

உன் அம்மா,
லொரெட்டா