கேரம் போர்டு மாதிரி சமமான மலை நிலம்

அனுப்புநர்:
படிக்கட்டு வயல்காரர்,
மலைச்சாலை மூன்றாம் வளைவுக்கு மேல்.
('சுவர்க்காரர்' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு மானியப் பிரிவு மேலதிகாரி அவர்கள்,
வேளாண்மைத் துறை அலுவலகம்.

பொருள்: என் மலை நிலத்தைச் சமவெளி என்று எழுதி மானியத்தை நிறுத்தியது குறித்தும், அதைவிட அவசரமாக, என் தம்பி கையிலுள்ள கடப்பாரை குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மலையில் இயற்கையாக ஒரு பாய் விரிக்கக்கூடச் சமமான இடம் கிடையாது. சரிவை வெட்டி, கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, படிப்படியாக வயல் செய்து உருளைக்கிழங்கு போடுகிறோம். மழை சரித்த சுவர்களைத் திருத்திக் கட்டத்தான் அரசு மானியம் தந்து வந்தது. இந்த ஆண்டு எனக்கு நிறுத்திவிட்டார்கள். 'நிலம் சமமாக உள்ளது' என்பது காரணம்.

2. நில அளவையாளர் வந்தது உண்மை. மரியாதையான பிள்ளை. இரண்டாம் படியின் நடுவில் ரசமட்டத்தை வைத்தார், குமிழி நடுவில் நின்றது, 'சமவெளி' என்று எழுதிக்கொண்டார். விளிம்புக்கு வந்து கீழே பார்க்கச் சொன்னேன். தலை சுற்றும் என்று மறுத்துவிட்டார். தலை சுற்றும் சமவெளியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

3. அவர் விதிப்படி செய்தார். சரிவு நிலத்துக்கு மட்டும்தான் மானியம் என்று விதியை மாற்றியது சட்டசபை. மலை விவசாயிகளுக்குத் தனி மானியம் தேவையா என்று அங்கே நடந்த விவாதத்தை வானொலியில் முழுவதும் கேட்டேன். கீழ்நாட்டு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வயலும் காய்கிறது, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிறகு எங்கள் உறுப்பினர் எழுந்தார். அவர் என் அக்கா மகன். அவருக்கு ஓட்டுக் கேட்டு, முழங்கால் வீக்கத்தோடு இந்த மலையில் வீடு வீடாக ஏறியவன் நான். அப்போது ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க நிலத்தை வந்து பாருங்கய்யா, கேரம் போர்டு மாதிரி வெச்சிருக்கோம், கோலியை விட்டா உருளாது" என்று பெருமை பேசினேன்.

சட்டசபையில் மருமகன் பேசியதாவது: "எங்க மாமாவே மேடையில சொன்னாரு, நிலம் கேரம் போர்டு மாதிரி இருக்குன்னு. அவருக்கெல்லாம் எதுக்குங்க மானியம்?" எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரி எழுந்து வந்து வானொலியை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி கிடைத்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் எழுதவில்லை. அடுத்தடுத்து நடந்தன என்று மட்டும் எழுதுகிறேன்.

4. போனில் கேட்டேன். "அரசியல்ல அப்படித்தான் பேசணும் மாமா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விழாமல் நடை பழக இந்த மலையில் இருக்கும் ஒரே இடம் அந்த இரண்டாம் படிதான். அவரும் அங்கேதான் நடை பழகினார்.

5. இனி அவசரம். என் வயலுக்கு மேல் என் தம்பியின் வயல். அவனுக்கும் மானியம் நின்றுவிட்டது. தங்கள் அலுவலகத்தில் யாரோ அவனிடம், "சுவரை எடுத்துட்டா சரிவுன்னு எழுதிடலாம்" என்று சிரித்திருக்கிறார். சிரித்தவர் மறந்திருப்பார். மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டு விழிக்கும் தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நேற்று மேல் சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டான். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அண்ணே, சுவரு இருந்தா வெறும் பேருதான். சுவரு போனாத்தான் மானியம். உன் மருமகனைக் கேளு" என்றான்.

ஒரே கல்லின் ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் தூக்கிக் கட்டிய சுவர் அது. அது போனால் முதல் பெருமழையில் அவன் மண் என் வயலில் இறங்கும். இரண்டும் சேர்ந்து கீழே தையல்கார அம்மாவின் வீட்டுக் கூரைமேல் இறங்கும். அவர் நடக்க முடியாத கணவரோடு அங்கே இருக்கிறார்.

6. மேடையில் சொன்ன வார்த்தையை நான் திரும்பப் பெறவில்லை. நிலம் கேரம் போர்டுதான். அப்படி ஆக்கியது எங்கள் முதுகு. மேல் சுவரிலிருந்து தையல்கார அம்மா கூரை வரை மொத்தமாக அளக்க ஆள் அனுப்ப வேண்டுகிறேன். தலை சுற்றாதவராக இருந்தால் நல்லது. அதற்கு நாளாகும் என்றால் என் மானியம் காத்திருக்கட்டும். சுவரைத் தொடக்கூடாது என்று என் தம்பிக்கு மட்டும் இரண்டு வரி எழுதி, அலுவலக முத்திரை வைத்து உடனே அனுப்பவும். அண்ணன் பேச்சைக் கேட்கமாட்டான், முத்திரைக்கு அடங்குவான்.

அதுவரை அவன் அடுத்துப் பெயர்க்க இருந்த கல்லின்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். இம்மனுவையும் அங்கிருந்தே எழுதுகிறேன். அண்ணன் உட்கார்ந்திருக்கும் கல்லில் தம்பி கடப்பாரை வைக்கமாட்டான் என்று நம்புகிறேன். அக்கா மகனையும் இப்படித்தான் நம்பினேன். ஆகையால் சீக்கிரம் வரவும்.

இடம்: மேல் சுவர்
நாள்: தம்பி கல் பெயர்த்த மறுநாள்

இப்படிக்கு,
எழுந்திருக்கப் போவதில்லை என்ற உறுதியுடன்,
சுவர்க்காரர் (கையொப்பம்)