குழல் ஊதிப் போனவர்

தம்பிக்கு,

ரோமில் உன் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினார்களாம். இங்கே கிரிமோனா சந்தையிலும் அதைத்தான் பாடுகிறார்கள். நம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட சிப்பாய் லூரியஸ்கூட மனப்பாடமாகச் சொல்கிறான். அவனுக்கென்ன, பாட்டில் சிப்பாயே இல்லையே! ஆடுகளை ஓட்டிக்கொண்டு, குழல் ஊதியபடி, அப்பா தானாகவே மலைப்பக்கம் போய்விடுகிறார். ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் உன் தலை வேண்டுமே.

நேற்று இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். மதுவில் ஊறிய ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, கல்லறைக்குப் போக அம்மாவைக் கூப்பிட்டேன்.

“உசுரோட இருக்கிற மனுசனுக்கா படையல்? வாயக் கழுவுடி!” என்றாள்.

“நம்ம வாசல்லதானேம்மா வெட்டுப்பட்டு விழுந்தாரு? நீதானே ரத்தத்தக் கழுவுன?”

“மலைக்குப் போனாருன்னு உன் தம்பி எழுதியிருக்கான். அவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?”

தனியாகப் போய்ப் படைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா குடிசை வாசலில் உட்கார்ந்து மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னால் நம்பமாட்டாள். நீயே இன்னும் ஓர் அடி எழுதி அனுப்பு. அதில் அப்பாவைச் சாகவிடு.

உன் அக்கா