வேலி தாண்டாத பெட்டிகள்

மிஸ்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னிடம் விட்டுப்போன வலைத் தொப்பியை நான் கருவாட்டுக்கு மூடி வைத்தேன். நிந்தவூரில் கீரிமீன் மலிந்து கிடக்கிற நாட்கள் இவை. பக்கத்து வீட்டுக் கடுவன் பூனைக்கு எங்கட முற்றம்தான் சாப்பாட்டுக் கடை. அவசரத்துக்குக் கைக்கு எட்டினது தொப்பிதான். பின்னேரம் எடுத்து உதறினேன். மீன் நாற்றத்துக்கு அடியிலிருந்து தேங்காய்த் தும்பு புகைந்த மணம் மெல்ல வந்தது. தேனீப் பெட்டி திறக்க முன்னம் நீங்கள் போடுகிற புகை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் குந்திவிட்டேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

எங்கட ஊர்களில் தேனீப் பெட்டி சோதிக்க அரசாங்கம் அனுப்பின ஆள் நீங்கள். முதல் நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினபோது எனக்குச் சிரிப்புத்தான். பெரியநீலாவணைக் கடற்கரைப் பிள்ளை, காற்றுக்கு அசைகிற உடம்பு. "இந்தப் புள்ளையா சோதிக்கப் போகுது? பூச்சி தூக்கிட்டுப் பெய்த்திருமே" என்று உங்களுக்குக் கேட்கத்தான் சொன்னேன்.

"எங்கட வீட்டடியில இறக்கிவிடச் சொல்லுங்க ராத்தா, பெற்றோல் மிச்சம்" என்றீர்கள்.

அப்பவே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த கால்மணி நேரத்தில் பிடிக்காமலும் போய்விட்டது.

அது காட்டில் பாலை பூக்கிற காலம். கரையோரத்தில் பூ குறைந்துவிடும் என்று பெட்டிகளை எல்லாரும் சாகாமத்துக் காட்டுக்குக் கொண்டுபோய் வைப்போம். வருசத்துத் தேனில் பெரும்பங்கு அங்கேதான். தம்பி உழவு மெசினோடு வாசலில் நின்றான். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி முடித்திருந்தோம். நீங்கள் ஒரு கட்டை அவிழ்த்தீர்கள். மூடியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கி, அதில் பூச்சிகள் கட்டியிருந்த தேன்வதையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தீர்கள். வேப்பம் ஈர்க்கால் ஒரு அறைக்குள் இருந்த புழுவை எடுத்தீர்கள். அது சின்னத் தண்ணிப்பை மாதிரித் தொங்கியது.

"வருத்தம் ராத்தா. புழுவுக்குப் புழு பரவுற தொத்து வருத்தம்."

நான் விடுவேனா? தேனீயின் வயிற்றில் மனிசருக்கு மருந்து இருக்கென்று சின்ன வயசிலிருந்து பள்ளிவாசல் பயானில் கேட்டு வளர்ந்தவள் நான். பூச்சிகள் வெள்ளைப் புழுவை இழுத்து வந்து பெட்டி வாசலில் போடுவதைக் கிழமைக்கணக்காகப் பார்த்தும், வீடு கூட்டுகிறார்கள் என்று சந்தோசப்பட்டவள். "மருந்து குடுக்கிற பூச்சிக்கே வருத்தம் வருமா மிஸ்?" என்று கேட்டேன்.

"டொக்டருக்கும் காய்ச்சல் வரும்தானே ராத்தா."

தம்பி சிரித்தான். அவனை முறைத்தேன். நீங்கள் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஒரு பெட்டியும் இந்த வேலியத் தாண்டப்படாது. சாகாமத்துல எத்தினை பேர்ட பெட்டி இருக்கு?"

எங்கட மச்சியின் பெட்டியே அங்கேதான் இருந்தது. இருந்தாலும் எனக்கு அப்போது என்ட தேன்தான் கண்ணுக்குள். "எரிக்கப் போறீங்களா?" என்றேன்.

"புழு இருக்கிற வதைய எரிக்கத்தான் வேணும். ராணியக் கொஞ்ச நாளைக்குச் சின்னக் கூட்டுக்குள்ள அடைப்பம். முட்டை இல்லாட்டிப் புழு இல்ல, புழு இல்லாட்டி வருத்தத்துக்குத் தங்க இடமில்ல. மத்தப் பூச்சிகள் அதுக்குள்ள வீட்டத் துடைச்சு எடுக்கும். தப்பினா எல்லாம் தப்பும்."

"தப்பாட்டி?"

நீங்கள் பெட்டியின் மூடியைத் திரும்பப் போட்டீர்கள். நான் கோபத்தில், "தேத்தண்ணி இல்ல மிஸ், சீனி முடிஞ்சி" என்றேன்.

"தேன்காரி வீட்டுல சீனி எதுக்கு ராத்தா?"

தேத்தண்ணி ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

பிறகு ராணியைப் பிடித்தீர்கள். அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது, எனக்கிருக்கிற படிப்பு கடைச் சாமானுக்குத் துண்டு எழுதத்தான் காணும். வெறுங்கை. ஆயிரம் பூச்சி ஊர்கிற வதையில் விரலை வைத்தீர்கள். அவசரப்படுத்தவில்லை. பூச்சிகள் தாமாக விலகி வழி விட்டன. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சனம் விலகுமே, அப்படி. ராணி நடந்து வந்து உங்கள் நகத்தின்மேல் ஏறி நின்றது. நான் பிஸ்மி சொன்னேன். நீங்களும் வாய்க்குள் எதையோ சொன்னீர்கள். மெசினை நிறுத்தி வைத்துவிட்டு வந்த தம்பி சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டான், ஏனென்று அவனுக்கே தெரியாது.

அந்த வருசம் சாகாமத்துக்கு நான் போகவில்லை. அங்கே போன மற்றவர்களின் பெட்டிகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் திரும்பத் திரும்ப வந்தீர்கள். ஒரு நாள் எங்கட பெண்கள் முக்காடு போடுகிற மாதிரித் தலையை முழுக்கத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். "என்ன மிஸ், எங்கட ஆளாப் பெய்த்தீங்களா?" என்று பகிடி விட்டேன். "ஓம் ராத்தா, ஒரு நல்ல மாப்புளயும் பாருங்க" என்றீர்கள். சிரித்து முடிய, கொழும்புக்குப் போய் மருந்தெடுப்பதையும் முடி கொட்டிவிட்டதையும் சொன்னீர்கள். ஸ்கூட்டியிலிருந்து வலைத் தொப்பியை எடுத்து என் கையில் தந்தீர்கள். "நீங்க வெச்சிக்கொள்ளுங்க. எனக்கு இனி பூச்சி சிக்கிறதுக்கு முடியில்ல."

அன்றைக்குத்தான் ராணியைச் சின்னக் கூட்டிலிருந்து திறந்து விட்டு இரண்டு நாள். வதையைத் தூக்கினீர்கள். "இஞ்ச வாங்க, பாருங்க" என்றீர்கள். துடைத்து மினுக்கின அறைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நொய்யரிசித் துண்டு நட்டு வைத்தாற்போல் ஒரு முட்டை நின்றது. மிஸ், அதற்கு முந்தி நான் தேனீ முட்டையைக் கண்டதில்லை. இத்தனை வருசம் பெட்டி வைத்திருந்தும், விருந்துக்கு வந்தவன் குசினியை எட்டிப் பார்க்காமல் சோற்றுச் சஹன் தட்டை மட்டும் பார்ப்பதுபோல் தேனை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எதைப் பார்த்து அதிசயப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை, முட்டையையா, உங்களையா.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டு பஸ் ஏறி உங்கட வீட்டுக்கு வந்தேன். தோணிகள் எல்லாம் கரையில் கிடந்தன. உங்கட ஊரில் அன்றைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. உங்கட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேன் ராத்தாவா?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

இப்போது வருசா வருசம் கயிறு கட்ட முந்தி ஒவ்வொரு வதையையும் நானே திறந்து பார்க்கிறேன். அவசரப்படுவதில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள்கூடக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு பெட்டியில் சந்தேகமென்றால், "வேலி தாண்டப்படாது" என்று உங்கள் குரலிலேயே சொல்கிறேன். ஏசுகிறார்கள். ஏசிவிட்டுத் தேத்தண்ணி தருகிறார்கள்.

போன கிழமை உங்கட இடத்துக்கு வந்திருக்கிற புது ஐயா சோதிக்க வந்தார். அவர் சரியென்றால்தான் பெட்டிகள் சாகாமத்துக்குப் போகலாம். முட்டை தெரிகிற வதையைத் தூக்கி, உங்களைப் போல வெயிலுக்குச் சாய்த்துக் காட்டினேன். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். பின்னால் ஆட்டுக்குக் கழனித்தண்ணி வைத்த வாளி இருந்தது. கால் அதற்குள் போய்விட்டது. வதை ஆடவில்லை. அவர் எல்லா அறையையும் பார்த்து, கொண்டுபோகலாம் என்று சொல்லும் வரைக்கும் நான் வாளிக்குள்தான் நின்றேன். ஆடு வந்தது, பார்த்தது, பக்கத்தில் நின்று குடித்துவிட்டுப் போனது.