மார்கழி வரை நிற்கப் போகிறார்களாம்

அல் குசைஸ், துபாய்
ஐப்பசி 1989

அன்பு மகள் குமுதினிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வெயில் தணிந்துவிட்டது, சாப்பாடும் வாய்க்குப் பிடிக்கிறது. நீயும் அம்மாவும் தம்பி யோகனும் சுகமாயிருக்க மருதடிப் பிள்ளையார் துணை. இதைத் தபாலில் போடவில்லை. உன் போன கடிதத்தின் ஓரத்தை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியது போல் இருந்தது, நம் ஊர்ப் பசை இப்படி மினுங்காது. அதனால் லீவில் வரும் அம்மையப்பன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் மானிப்பாய் ஆள்தான், என்னோடு ஸ்டோரில் வேலை, நல்ல மனுஷன். என்றாலும் ஒட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இந்திய ஆமி ஆடி முடிய முதல் போய்விடும் என்றார்கள், இப்போது மார்கழி வரை நிற்க இரண்டு அரசும் பேசி முடித்துவிட்டன, அதுவும் நல்லதுக்குத்தான், அதுவரை ஊர் அடங்கியிருக்கும், தம்பி சோதனை எழுதி முடிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். பிள்ளை, எனக்கு அரசியல் தெரியாது, கட்டடச் சாமான் காக்கிற ஸ்டோர் தெரியும். ஒரு கட்டடத்தை ஒப்படைக்க நாள் குறித்துவிட்டுப் பிறகு அந்த நாளைத் தள்ளிப்போட்டார்கள் என்றால் நான் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் படுப்பேன். வேலை மும்முரமாய் நடக்கும்போது சாமான் அவ்வளவாகப் போகாது. போகப் போகிறோம், ஆனால் இன்னும் போகவில்லை என்று இருக்கிற அந்த இடைவெளியில்தான் வயருக்கும் பைப்புக்கும் கால் முளைக்கும். போகிறவனுக்குப் பழியைப் பற்றிப் பயமில்லை, அடுத்துப் பொறுப்பெடுக்கிறவன் வந்து சேரவும் இல்லை. அங்கே ஊரில் களவு போக வயரும் பைப்பும் இல்லை, தம்பி வயதுப் பெடியன்கள்தான் இருக்கிறார்கள். ஆமியோடு சேர்ந்து நிற்கும் இயக்கக்காரர் தங்கள் படைக்கு ஆள் சேர்க்கிறோம் என்று பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போவதாக இங்கே எல்லோரும் கதைக்கிறார்கள். நீ அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. உனக்குத் தெரியாதா, எழுதப் பயமா, இல்லை அப்பாவுக்கு எதற்கு என்று மறைக்கிறாயா தெரியவில்லை. போன முறை நான் அனுப்பிய கம்பெனிச் சப்பாத்தைத் தம்பி போடவே கூடாது. இங்கே வருடம் ஒரு சோடி பூட்ஸ் தருவார்கள், புதிதாய் இருக்கிறதே என்று அனுப்பிவிட்டேன். சென்றியில் மறித்துக் காலைத்தான் பார்க்கிறார்களாம், சப்பாத்துத் தழும்பு இருந்தால் பயிற்சி எடுத்தவன் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துவிடுவார்களாம். அதைக் கிணற்றில் போட்டாலும் சரி.

இனி முக்கியமான சங்கதி. என் அறையில் ராமையா என்று ஒருவர் இருக்கிறார், பரமக்குடிப் பக்கம், கம்பி கட்டும் வேலை. அவருடைய மகன் அந்த ஆமியில்தான், அதுவும் யாழ்ப்பாணத்தில். இது தெரிந்த நாளிலிருந்து அவர் முன்னால் உன் கடிதத்தை நான் பிரிப்பதில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பார், அதையும் என்ன காரியத்துக்கு என்று யோசித்துக்கொண்டுதான் தின்பேன். நாள் தள்ளிப்போன செய்தி றேடியோவில் வந்தபோது மனுஷன் சோற்றில் கை வைக்காமல் எழும்பிப் போனார். எனக்காக நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் லீவில் ஊருக்குப் போய், அங்கே லீவில் வந்திருந்த மகனையும் பார்த்துவிட்டு வந்தார். போன வெள்ளிக்கிழமை நான் உடுப்புக் காயப்போடும்போது பக்கத்தில் வந்து, “அண்ணே, ஒங்க பையன அங்கிருந்து கெளப்பிருங்க. பஸ்ஸ நிப்பாட்டி வயசுப் பயலுகள எறக்குறாங்களாம், கண்டும் காணாம நில்லுங்கன்னுதான் எம்மவனுக்கெல்லாம் சொல்லிருக்காகளாம்” என்றார். எனக்குப் பெடியன் இருப்பது உமக்கு எப்படித் தெரியும் என்று கொஞ்சம் முறுக்காகவே கேட்டேன். “பொட்டியில வாங்கி வச்சிருக்க சட்டை ஒங்க அளவு இல்லையேண்ணே” என்றார்.

அதோடு போகவில்லை. கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, “காட்டுக்குள்ள இருந்து ஆமியோட சண்ட போடுற பயலுகள ஒங்க பையனுக்குத் தெரிஞ்சிருக்கும். எம்மவன ஒண்ணும் செஞ்சிராம பாத்துக்கச் சொல்லுங்கண்ணே. அவனும் எப்படா ஊருக்கு அனுப்புவாகன்னுதான் கெடக்கான்” என்றார். இவ்வளவு நாளும் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர் நம் யோகனை என்னவென்று நினைத்திருக்கிறார் பார். என் பிள்ளை அப்படியானவன் இல்லை, அவனுக்கு யாரையும் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் ஊரை விட்டு வரும்போது அவனுக்கு மீசைகூட இல்லை, இப்போது அவன் யாரோடு திரிகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுகிறேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

அதனால் மார்கழி வரட்டும் என்று பார்க்காதே. சோதனையைப் பிறகும் எழுதலாம். அம்மையப்பன் திரும்பும்போது தம்பியை அவரோடு கொழும்புக்கு அனுப்பிவிடு. வயது போனவரோடு போனால் கேள்வி குறைவு. விசாவுக்கு எங்களைப் பொறுப்பெடுத்திருக்கும் அரபுக்காரர், கபீலிடம் கேட்டிருக்கிறேன், புக்ரா என்கிறார், அவருடைய நாளைக்கு எப்போது விடியுமோ, அதுவரை கொழும்பில் இருக்கட்டும். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டாதே, பிறஷர் ஏறும். வாசித்ததும் அடுப்பில் போடு.

உனக்கு ஒரு நல்ல இடம் அமைந்து, எல்லோரும் ஒரு கூரையின் கீழ் இருக்கப் பிள்ளையார் வழி விடட்டும். இன்னொன்று, மறக்காதே. நீ கடைசியாய் எழுதிய கடிதங்களில் தம்பியும் சுகம் என்று உன் கையெழுத்தில்தான் இருக்கிறது, அவன் ஒரு வரி எழுதவில்லை. அம்மையப்பன் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அவனை நேரில் கூப்பிட்டுக் காட்டு. அவன் ஏற்கெனவே வீட்டில் இல்லை என்றால் பொய் சொல்லாதே, பிள்ளை, நான் உன்னை ஏச மாட்டேன். அவன் இருக்கிற இடத்துக்கு எப்படியாவது ஆள் பிடித்து, ராமையாவின் மகன் பெயர் நாகலிங்கம், அவன் மேல் கை வைக்க வேண்டாமென்று அப்பா சொன்னதாகச் சொல்லி அனுப்பு.

அன்புள்ள அப்பா,
க. இராஜரத்தினம்