சித்தப்பா உன் வீட்டுக்கு வந்தால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா, ஈரத் தலையோடு தூங்க விடாதே.

போனில் அப்பா குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாய், தொண்டைக் கட்டு என்று நான் சொன்னது பொய். அப்பா இப்போது கம்பெனியில் இல்லை. அதற்குக் காரணம் யாரென்று சொன்னால் நம்ப மாட்டாய், நீ சித்தப்பா சித்தப்பா என்று காலைச் சுற்றிக்கொண்டிருப்பாயே, அவர்தான். மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் செட் செய்யலாம் என்று அவர் கம்பெனி தொடங்கியபோது பணம் அவருடையது, மூளை அப்பாவுடையது. உப்புத் தண்ணீர் தெறித்தாலும் பேச்சு அறுந்துபோகாத செட்டை ரேடியோ இன்ஜினியராக அப்பா செய்து கொடுத்ததில்தான் கம்பெனியே நிமிர்ந்தது. பிறகு சித்தப்பாவே நம் சமையலறை வாசலில் வந்து நின்று, "அண்ணன் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தது போதும், நிர்வாகத்தப் பாக்கட்டும், அவர் பேசினா எல்லாரும் நம்புறாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்க அண்ணி" என்றார். நானும் சொன்னேன். அப்பா மேனேஜிங் டைரக்டர் ஆனார். டை கட்ட வராமல், நீ போட்டுக் கொடுத்த முடிச்சை அவிழ்க்காமலே தலை வழியாகக் கழற்றி மாட்டிக்கொண்டு திரிந்தாரே, எவ்வளவு சிரித்தோம்.

போன மாதம் கம்பெனி கைமாறப்போகிறது என்று வேலையாட்கள் நடுவே பேச்சு கிளம்பியது. "யாரையும் அனுப்ப மாட்டோம்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா" என்று சித்தப்பா சொல்ல, அப்பாவும் நம்பி, செட்டுகளைப் பொருத்தும் கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று வாக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே மீட்டிங் அறையில் அப்பாவின் நாற்காலியில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். விற்பனை முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டது, கூடத்தை மூடுவதாகப் பேசித்தான் சித்தப்பா விற்றிருக்கிறார், அதுவும் அப்பா ஸ்டூல் மேல் ஏறுவதற்கு முன்பே. அப்பா சித்தப்பாவைப் பார்த்தாராம், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆலோசகர்னு உங்களுக்கு ஒரு ரூம் கேட்டு வாங்கியிருக்கேண்ணா" என்றாராம்.

அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பா நேரே கூடத்துக்கு இறங்கிப் போய்த் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். செட்டுக்குள் ஒயர் பற்றவைக்கும் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "வேற எடத்துல கூப்பிட்டாங்க சார், நீங்க சொன்னீங்கன்னுதான் போகல" என்றாளாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதிலிருந்து தினமும் காலையில் கிளம்பி ரிப்பேர் கடை, துறைமுகப் பட்டறை என்று படியேறி அவர்களுக்கு வேலை கேட்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது, பாதிப் பேருக்கு இன்னும் இல்லை. தனக்கென்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்தி, "என்னை வித்திருந்தாக்கூடப் பரவாயில்ல, என் வாக்க வித்துட்டான்" என்கிறார்.

சித்தப்பா வேலையாக உன் ஊருக்கு வருகிறாராம், உன்னைப் பார்ப்பதாக போனில் சொன்னார், நான் போனை வைத்துவிட்டேன். உன்னைத் தோளில் சுமந்தவர், கதவைத் திறக்காதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உட்கார வை, சாப்பிடச் சொல். அப்பாவிடம் சொல்லிவிடு என்று ஏதாவது ஆரம்பித்தால் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதே. நேரில் போய்ச் சொல்லச் சொல். நம் வீட்டுக்கு அவருக்கு வழி தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, குழந்தைக்கு முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவராகச் சொல்லும்வரை நீ கேட்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா